கோயிலடியில் பூ வாங்கிய அக்கா

அக்கா கர்த்தருக்குள் அடங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் என்னைக் கேட்டார்.

"நல்லதைத் தவிர அக்காகிட்ட வேற என்ன இருந்துச்சு? அதனாலதான் எனக்கு ஆயுசு பூரா வயிறு எரிஞ்சுது" என்றேன்.

"அப்ப அதையே எழுதும்மா" என்றார் அத்தான். ஆகவே உற்றார் உறவினர் பொறுத்து வாசிக்க வேண்டும்.

பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியாருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவருக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதும் ஆனபோது காய்ச்சலில் அம்மா போய்விட்டார். அக்கா இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அடுப்படிக்கு வந்தார். அப்பா என்னைப் பதுளையில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்கா எனக்குப் பேன் பார்த்துச் சடை பின்னிக்கொண்டே, "என்ன படிச்ச, சொல்லு" என்பார். நான் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் அவர் வேதம் வாசிக்கப் பழகினார். கடைசி வரைக்கும் வரியின் மேல் விரலை வைத்துத்தான் வாசித்தார்.

பிறகு நாங்கள் இருவருமே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்லும் ஊழியத்தில் சேர்ந்தோம். நான் பரீட்சை எழுதித் தேறியவள். எனக்கு முந்நூறு வசனம் மனப்பாடம். ஆனாலும் என்னைக் கண்டால் பெண்கள் எழுந்து பாய் விரித்துப்போட்டு, "பெரியம்மா வரலீங்களா?" என்று கேட்பார்கள். அந்தப் பெரியம்மா அக்காதான். சாவு வீட்டில் அவரைக் கண்டால் யாரும் பாய் விரிக்கமாட்டார்கள். அவர் தோளில் விழுந்து அழுவார்கள். எனக்கு அது பொறுக்காது.

ஒரு மழைக்காலத்தில் முத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் இரண்டு மாதக் குழந்தை இறந்துபோயிற்று. அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. துக்கம் விசாரிக்க நான்தான் முதலில் போனேன். அக்கா வருவதற்குள் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

"சின்னம்மா, எம்புள்ள இப்ப எங்க இருக்கும்?" என்று முத்தாயி கேட்டாள்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. "ஞானஸ்நானம் வாங்காத புள்ளைய பத்தி நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நான் வசனத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா வந்தார். வேதப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. குடத்தை எடுத்துப்போய் மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்து வந்தார், அடுப்பை மூட்டினார், முத்தாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "புள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்த?" என்று கேட்டார். முத்தாயி பெயரைச் சொன்னாள். அதன்பிறகு பொழுது சாயும் வரைக்கும் பிள்ளையைப் பற்றியே பேசினாள். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பதுளைக் கடைவீதியில் அக்காவைக் கண்டேன். கோயிலடிப் பூக்கடையில் மல்லிகைப்பூ வாங்கி, வாழையிலையில் மடித்து, முத்தாயியின் லயத்துக்குப் போகும் பாதையில் நடந்தார். நான் அப்படியே எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்குப் போய், "அக்கா கோயில் பூவை வாங்கிட்டு சாவு வீட்டுக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

இந்துக் கோயில் சடங்குக்கு அக்கா துணைபோகிறார் என்று நினைத்து ஐயர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். "பூ எதுக்கு வாங்குன?"

"மருந்துக்குங்க ஐயா."

"என்ன மருந்து?"

அக்கா தலைகுனிந்து நின்றார். மூன்று மாதம் ஊழியத்துக்கு வரவேண்டாம் என்று ஐயர் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் அவருடைய லயங்கள் எனக்குக் கிடைத்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்பு எனக்கு விவாகமாகி அப்புத்தளைக்குப் போனேன். ஆண் குழந்தை பிறந்தது. அக்காவின் மூத்த மகனுக்கு வெள்ளைக்காரப் பெரிய ஐயர் வந்து ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். என் பிள்ளை மட்டும் என்ன குறைச்சல்? எங்கள் ஊர்த் தமிழ் ஐயர் இரண்டு முறை வீடு தேடி வந்து கேட்டும், "பெரிய ஐயர் வரட்டுங்க" என்று தள்ளிப்போட்டேன். பெரிய ஐயர் வருவதற்குப் பத்து நாள் இருக்கையில் சளிக்காய்ச்சல் கண்டு என் பிள்ளை போய்விட்டான். ஞானஸ்நானத்தின்போது சொல்வதற்காக வைத்திருந்த பெயரை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பசறைக்குச் செய்தி போய் அக்கா வந்து சேர நான்கு நாளாயிற்று. ரயில் பதுளைக்கு வராத காலம். வண்டியிலும் நடையிலுமாக வந்திருந்தார். கூடவே முத்தாயியும் வந்தாள். எனக்கு உயிரே போயிற்று. நான் அவளுக்குச் சொன்னதை இன்று திருப்பிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

முத்தாயி என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தாள். பால் கட்டி நெஞ்சு கல்லாகி, கையைத் தூக்கக்கூட முடியாமல் இருந்தேன். அவள் மடியிலிருந்து ஈர வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்தாள். உள்ளே மல்லிகைப்பூ. அந்தக் குளிர்மலையில் மல்லிகை ஏது? பதுளைக் கோயிலடியில் வாங்கி வந்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் நிமிருங்க சின்னம்மா. இதை வச்சுக் கட்டுனா பால் வத்திரும். அன்னிக்குப் பெரியம்மா எனக்குக் கட்டிவிட்டாங்க. இந்த வலி நாலு நாள்ல போயிரும்மா. மத்தது போகாது" என்றாள்.

அக்கா ஐயர் முன்னால் தலைகுனிந்து நின்றது ஏனென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வார்?

"அக்கா, எம்புள்ள எங்க இருக்கான்? உள்ளதச் சொல்லு" என்று அழுதேன்.

"நான் போய் பார்த்துட்டா வந்தேன், தங்கச்சி? பெத்த உனக்கே இம்புட்டு வலிக்குதே, படைச்சவருக்கு வலிக்காதா? அவரு புள்ளைய வெளிய நிறுத்துவாருன்னு எனக்குத் தோணல" என்றார் அக்கா. பிறகு என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன பேரு வைக்க நெனச்ச?" என்று கேட்டார். அவர் காதில் மட்டும் சொன்னேன். வேறு யாருக்கும் இன்றுவரை சொன்னதில்லை.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது, "ஐயர்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். பூக்கடைக்கு எதிர்ல நின்னு முறைச்சியே, பார்த்தேன். உனக்குப் பூவோட சேதி தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்ட" என்றார்.

தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

அக்காவின் நோயில் இரவு பகல் பாராமல் உதவிய பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்தன்று ஆட்களுக்கு வேலை நிறுத்திக்கொடுத்த கங்காணியாருக்கும், மழையில் பெட்டியைத் தோளில் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், ஜெபம் செய்த ஐயர் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முத்தாயி மடி நிறைய மல்லிகையோடு வந்து பெட்டிக்குள் வைத்தாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஐயர் பேசாமல் இருந்துவிட்டார். அவருக்குத் தனியாகவும் நன்றி.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அக்கா பரலோகத்தில் இளைப்பாறுகிறார் என்றார்கள். எனக்கு அங்கேயும் வயிறு எரிகிறது. நான் நாற்பது நாள் மட்டும் தூக்கிய பிள்ளையை, எனக்கு முன்னால் போய் அக்கா தூக்கியிருப்பார். நான் ஒருமுறைகூட வாய்விட்டுக் கூப்பிடாத பெயரால் அவனைக் கூப்பிட்டிருப்பார். அவனும் திரும்பிப் பார்த்திருப்பான்.

அக்கா, நான் வரும்போது அவன் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்போதாவது கொஞ்சம் ஒதுங்கி நின்று, அம்மா இவள்தான் என்று அவனுக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கை.