உட்காராத நாற்காலிகள்

மறைமலைநகரில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் வேலையைப் பத்து வருடம் பார்த்துவிட்டு, ஊரப்பாக்கத்தில் சொந்தமாகச் சோபா ரிப்பேர் கடை வைத்தேன். அந்த வருடமே, திருவிடந்தையைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் பழைய அரசு மாளிகையிலிருந்து ஒரு வேலை வந்தது. வெள்ளைக்காரர் காலத்துத் தேக்கு நாற்காலிகள் எட்டு. மேல்துணி கிழிந்து, உள்ளே இருந்த தேங்காய் நார் பொடிந்து போயிருந்தது.

மாளிகைக்கே போய், புது நார் திணித்துச் சிவப்பு வெல்வெட் தைத்தேன். முதல் நாற்காலி முடிந்ததும் அதில் உட்கார்ந்து பார்த்தேன். மாளிகைச் சாமான்களுக்குப் பொறுப்பான ஊழியர் பதறி ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது? பெரிய பெரிய ஆளுங்க உக்கார்ற சேரு!"

"உக்காராம எப்டி சார் தெரியும், எங்க மேடு, எங்க பள்ளம்னு? நான் ஒல்லி. நீங்க உக்காந்து சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடமாகத் தினமும் துடைக்கிறாராம், ஒருநாளும் உட்கார்ந்ததில்லையாம். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். நான் சொன்ன பிறகுதான் சாய்ந்தார்.

"சரியா இருக்குதா சார்?"

"எடது பக்கம் கொஞ்சம் எறங்குதும்மா."

உண்மைதான். பிரித்து இன்னும் ஒரு பிடி நார் வைத்தேன். அடுத்த நாற்காலிகளுக்கெல்லாம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து சொன்னார். எட்டாவதில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "இதுல ஒரு டீ குடிக்கலாம்மா" என்றார்.

வெல்வெட்டில் சிந்திவிடும் என்று, இருவரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி குடித்தோம்.