வரைபடத்திலிருந்து எடுத்த மூன்று புள்ளிகள்

இறந்தவரை மன்னிப்பது யாருடைய வேலை? எனக்குத் தெரியவில்லை. எங்கள் வேதியியல் துறையின் முன்னாள் தலைவர் மறைந்த செய்தி, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் அண்ணன் மூலம் வந்தது. "ஒங்க சாருக்கு அஞ்சலி போஸ்டர் ஆர்டர் வந்திருக்கும்மா. பட்டமெல்லாம் சரியான்னு பார்த்துச் சொல்லு" என்றார். பட்டங்கள் சரியாகவே இருந்தன.

அவரிடம் படித்த உங்களுக்கு அவருடைய பாடம் நினைவிருக்கும். தண்ணீரில் சோப்பு மூலக்கூறுகள் ஓர் அளவைத் தாண்டியதும் ஒன்றுகூடி உருண்டையாகும், அதுதான் மிசெல் என்று அவர் விளக்கினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். அந்தத் தண்ணீரில் எத்தனாலைக் கலந்தால் என்ன ஆகும் என்பது அவர் வழிகாட்டலில் நான் செய்த முனைவர் பட்ட ஆய்வு. எத்தனால் கூடக்கூட மிசெல் உருவாவது தள்ளிப்போகும் என்று அவர் எதிர்பார்த்தார். மிகக் குறைவாகக் கலந்தபோது, குறைந்த சோப்பிலேயே அது முந்திக்கொண்டது. வரைபடத்தில் மூன்று புள்ளிகள் கீழே இறங்கிப் பள்ளம் காட்டின.

"சோப்பை ஆராய வந்துட்டு பாத்திரம் கழுவத் தெரியலையேம்மா" என்றார். ஆய்வகமே சிரித்தது. குடுவையில் ஒட்டியிருக்கும் சோப்பு அளவைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஒரு மாதம் கழுவிக் கழுவி அளந்தேன். புள்ளிகள் நகரவில்லை. அவற்றை எடுத்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார். எடுத்தேன். பட்டம் வேண்டியிருந்தது என்பதைத் தவிர அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பள்ளம் ஓர் ஆய்விதழில் வந்தது. அவர் பெயரும், எனக்கு அடுத்துச் சேர்ந்த மாணவர் பெயரும் இருந்தன. எண்கள் கடைசி தசமம் வரை என்னுடையவை. அறைக்குப் போய்க் கேட்டேன்.

"ஒம் பேரைப் போட்டா ஒன் தீசிஸ் தப்புன்னு ஆயிருமே. ஒன் நல்லதுக்குத்தான் விட்டேன்" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே.

பதில் சொல்ல அவர் இல்லாதபோது இதை எழுதலாமா என்பீர்கள். நான் கேட்டபோது அவர் இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என் அளவீட்டு நோட்டு. அந்த மூன்று எண்களின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'மறுபடி கழுவுக' என்று எழுதி, அவரே கையெழுத்திட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்ன மறுநாள் விருதுநகரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போனேன். என்னைப் பேச அழைத்ததும் நடந்ததைச் சொல்லி, எண்களை வாசிக்கத் தொடங்கினேன். மேடையில் இருந்த ஆய்விதழில் பெயர் வந்த அந்த மாணவர், இன்று ஒரு கல்லூரி முதல்வர், "இது அதுக்கான இடமில்ல மேடம்" என்றார்.

"வேற எங்கன வச்சுச் சொல்லணும்னு சொல்லுங்க" என்றேன்.

மூன்றையும் வாசித்துவிட்டு, நோட்டை விரித்து முன்வரிசையில் கொடுத்தேன். வரிசை வரிசையாகக் கைமாறி அது மேடைக்கும் போனது. அந்த முதல்வர் மட்டும் பார்க்காமல் மூடி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.