அப்பாவுக்கென்று வாங்கிய வெள்ளை ஒயின்

வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துத் தின்னும் எங்கள் வீட்டுப் பழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழம்பில் நடுத்துண்டு வந்தவர்களுக்கு, தலையும் வாலும் எங்களுக்கு. நல்ல தட்டு, நல்ல கிளாஸ், ஃபேனுக்கு நேர்கீழே கிடக்கும் நாற்காலி எல்லாம் வந்தவர்களுக்கு. சர்ச்சில் ஆளாளுக்கு இதைப் பெருந்தன்மை என்று புகழ்வார்கள். பெருந்தன்மையாம்! அந்தப் பெருந்தன்மை என் அப்பாவிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்கிறேன்.

நான் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து, படகு இன்ஜின்களைப் பழுது பார்த்தே எங்களைக் காப்பாற்றியவர் அப்பா. ரம், விஸ்கி எதுவும் அவருக்கு ஆகாது. கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜாடியில் போட்டு வைக்கும் திராட்சை ஒயினை மட்டும் ஒவ்வொரு மிடறாக ரசித்துக் குடிப்பார். எங்களுக்குத் திராட்சை கப்பலில் வர வேண்டும். ஒரு வருஷம் கப்பல் தாமதமாகி, திராட்சை பாதி அழுகி வந்து, ஜாடியில் போட்டதும் கெட்டுப்போனது. அந்த வருஷம்தான் நான் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன். அதிலிருந்து பிடித்தது அப்பாவுக்கும் எனக்கும் ஒயின் பைத்தியம்.

கடைக்குப் பெயர்தான் ஒயின் ஷாப், உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். ரம் பெட்டிகளுக்குப் பின்னால், வெயில் விழும் ஜன்னலோரம், தூசி படிந்து நாலைந்து பாட்டில் நிற்கும். ஒரு பெண் போய் நின்றால் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். "கிஸ்கே லியே, மேடம்?" யாருக்கு என்று கடைக்காரர் இந்தியில் கேட்பார். எனக்குத்தான் என்பேன். உடனே இருப்பதிலேயே விலை கூடினதை எடுத்து நீட்டுவார். ரிசார்ட்டிலும் இதே கூத்துதான். சாப்பிட வருகிறவர்கள் பட்டியலில் விலை குறைந்ததைக் கேட்கக் கூச்சப்பட்டு, வேண்டாததை வாங்கி, பாதியை வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு எரியும்.

நாங்கள் வாங்கியதெல்லாம் கையைக் கடிக்காத விலைதான். ஜன்னலோரத்து பாட்டில் வேண்டாம், பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடு என்று சண்டை போட்டு வாங்குவேன். வெயிலில் வெந்த ஒயின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தண்டம். வீட்டுக்குக் கொண்டு போனதும் அப்பா அதை மீன் ஐஸ் பெட்டியில், ஐஸுக்குள் கழுத்து வரை புதைத்து வைப்பார். "கவிச்சி அடிக்கப்போவுது," என்று அம்மா முகத்தைச் சுளிப்பாள். "மீனோடதானே திங்கப் போறோம்," என்பார் அப்பா. அவர் கணக்கு எப்போதும் சாப்பாட்டிலிருந்துதான். வெயில் காலத்துச் சூரை மீன் வறுவலுக்குக் கொஞ்சம் இனிப்பு ஓடும் வெள்ளை. கிறிஸ்துமஸ் பன்றிக்கறிக்கு, கடையிலேயே மலிவான இனிப்புப் போர்ட் ஒயின். காரக் குழம்போடு கறுத்த சிவப்பைக் குடித்துப் பார்த்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழையில் படகுகள் கட்டிக் கிடக்கும் மாதங்களில் கருவாட்டுத் தொக்குக்கு எது சேரும் என்று பாட்டில் பாட்டிலாகப் பார்த்தோம். "இதுக்குக் கஞ்சிதாம் ஏட்டி," என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு அடிநாக்கில் கட்டி வந்தது. புற்றுநோய்தான், மெயின்லேண்டுக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், பிழைத்துக்கொள்வார், ஆனால் நாக்கில் ருசி போய்விடும், திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ ஒயின் ருசியும் போயிருமோ?" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. நான் திரும்ப உள்ளே போனேன். சிகிச்சைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன கிளாஸ் கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அரை கிளாஸுக்குச் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை கப்பல். ஞாயிறு மத்தியானம் நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். லீவு போட்டு முதல் நாளே வந்து, அவருக்குப் பிடித்த அந்த வெள்ளை ஒயினைத் தேடினால் ஊரில் ஒரே ஒரு பாட்டில்தான் கிடைத்தது. தொண்டை எரியாமல் இருக்க, காரமே போடாமல் களவா மீனில் சொதி வைக்கச் சொன்னேன். அப்பா காலையிலேயே ஐஸ் உடைத்துப் போட்டுப் பாட்டிலைப் புதைத்து வைத்தார். பூசை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியைத் திறந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் அப்பா சிகிச்சைக்குப் போவதை அம்மா அன்பியத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் சேர்ந்து ஜெபம் சொல்லுகிற சர்ச் குடும்பங்கள்தான் அன்பியம். "ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போயிருவாக மக்கா," என்றாள். வந்தார்கள், வீடு கொள்ளாமல் வந்தார்கள். அதுவும் வெறுங்கையோடு வரவில்லை. கப்பலில் யார் போனாலும் மெயின்லேண்டில் இருக்கும் சொந்தத்துக்குப் பார்சல் கொடுத்தனுப்புவது இந்தத் தீவில் பிறப்புரிமை. ஒருத்தி கருவாட்டுப் பொட்டலத்தை அப்பா மடியிலேயே வைத்தாள். இன்னொருத்தர் சங்கு மாலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கரண்ட் வைத்துக்கொள்ளப் போகிறவரிடம் கருவாட்டைக் கொடுத்து அனுப்புகிற ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா? அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி அடுக்கினார்.

ஜெபம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சொதியில் இன்னும் தேங்காய்ப்பால் ஊற்றி, தண்ணீரும் ஊற்றி, இலை போட்டாயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன். சோறு போகட்டும், மீன் போகட்டும், பாட்டில் இருக்கிறதல்லவா என்று பொறுத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குளிர்ந்த தண்ணீர் தேடிப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

"என்ன அத்தான், நல்ல சரக்கை ஒளிச்சு வச்சிருக்கீக?"

"மாமா, அது அப்பாவுக்கு," என்றேன்.

"சீக்குக்காரருக்கு இது ஆகுமாட்டி?"

அப்பா சிரித்தார். "எடு மாப்ள, எல்லாருக்கும் ஊத்து," என்றார்.

எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினார்கள். கொஞ்சம் ருசி பார்க்கிறோம் என்று பெண்களும் நீட்டினார்கள். கருவாட்டுக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஐய, புளிக்குது," என்று மீதியை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினாள். என் கண் முன்னால் ஊற்றினாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாட்டில் காலி, கடைசிச் சொட்டு மாமாவின் டம்ளரில். அப்பா எச்சிலை விழுங்கிக்கொண்டு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய் மாமா கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி அப்பா கையில் கொடுத்தேன். அப்பா அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். குடித்துவிடுவார் என்று நினைத்தேன். கையை நீட்டி மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"குடி மாப்ள. சின்னப்புள்ள, தெரியாம செஞ்சிட்டு."

முப்பது தாண்டிய சின்னப்புள்ள நான். மாமா ஒரே மடக்கில் குடித்து முடித்தார். நான் கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தது.

எல்லோரும் போன பிறகு அப்பா அடுப்படிக்கு வந்தார்.

"வீட்டுக்கு வந்தவுக கையில இருக்கத புடுங்கலாமா ஏட்டி? நான் திரும்பி வரலன்னா உங்கம்மைக்கு இவுகதானே கதி."

"ஒரு அரை கிளாஸ் நீங்க குடிச்சா அவுக ஓடிப்போயிருவாகளோ?"

அப்பா பார்சல்களை எடுத்துக் கட்டப் போய்விட்டார். ஜெபம் சொல்ல வந்தவர்கள் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்ச நாளில் வடிந்தது. அப்பா மேல் வந்த கோபம் வடியவே இல்லை. ஆசைப்பட்டதைக் கையில் வாங்கி, மோந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிற மனுஷனை என்ன செய்வது? சாகப் பயப்படவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று பயந்தார். மறுநாள் கருவாடும் மூட்டையுமாகக் கப்பல் ஏறினார்.

பிழைத்துத் திரும்பி வந்தார், அதற்கு மாதாவுக்கு நன்றி. பாதியாக இளைத்திருந்தார். சோறு, மீன், காப்பி எதைக் கொடுத்தாலும் ஒரே மாதிரி மென்றார். மாதங்கள் போயின, ருசி வரவில்லை. அடுத்த வெயில் காலத்தில், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அதே வெள்ளை ஒயினை வாங்கி ஐஸில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு மூன்று பேருக்குச் சாப்பாடு போட்டேன். அப்பா ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணிதாம் ஏட்டி," என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். அப்பா தன் கிளாஸை நகர்த்தி வைத்தார்.

"மாமாவுக்கு ஊத்து மக்கா. எனக்குத்தாம் ஒண்ணும் தெரியல, ருசி தெரிஞ்சவனாவது குடிக்கட்டும்."

நான் ஊற்றவில்லை. மாமா நின்றுகொண்டே இருக்க, அப்பாவின் கிளாஸை எடுத்து நானே குடித்தேன். மாமா உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. பாட்டிலில் இருந்ததையும் எனக்கே ஊற்றிக்கொண்டேன்.

"பச்ச மாங்காய் புளிப்பு இருக்குப்பா," என்றேன். "உள்ள போகும்போது கொஞ்சம் இனிக்குது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவாக் குடி ஏட்டி," என்றார். "முழுங்குறதுக்கு முன்னாடி சொல்லு."