வீடியோ காலில் திசை தெரிவதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. அப்பாவின் தங்கை, சரோஜா அத்தை, அங்கே இருக்கிறார். அடுத்த மாதம் அப்பாவுக்கு வருஷ திதி. "வருவீங்களா அத்தை?" என்று போனில் எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிறார். எங்கள் மேல் கோபமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

இத்தனைக்கும் நாங்கள் பேசாத நாளே கிடையாது. காலையில் ரோஜாப்பூப் படம் வரும், மதியம் என்ன குழம்பு என்று வாய்ஸ் மெசேஜ் வரும். அப்பா இறந்தபோது அத்தைக்குக் காலில் மாவுக்கட்டு. எல்லாவற்றையும் வீடியோ காலில்தான் பார்த்தார். அதற்குப் பிறகும் நான் போகவில்லை. அதுதான் தினமும் பேசுகிறோமே!

காலை 7.10க்குத் தாம்பரத்தில் லோக்கல் ரயில், செங்கல்பட்டு வரை பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்கு பஸ், டிக்கெட் 28 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் ஏரியும் நெல்லும் பார்த்துக்கொண்டே போகலாம். நான் பாதி வழி தூங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். டிரைவரிடம் மேப்பைக் காட்டினேன்.

"மேப்ப மூடுங்கம்மா, அது நேரா ஏரில கொண்டுபோய் உட்டுடும். யாரு வூட்டுக்குப் போணும், அத்தச் சொல்லுங்க."

"சரோஜா அத்தை வீடு."

"சரோஜா நாலு பேரு கீறாங்க. வூட்டுக்காரர் பேரு இன்னா?"

மாமாவின் பெயரைச் சொன்னேன். அது போதாதாம், பட்டப்பெயர் வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்கே மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது: "வேப்பமரத்தாண்ட எறங்கிக்கோ கண்ணு. வா, வா!"

இறங்கி, கையில் ஒரு கிலோ மைசூர்பாகு, இரண்டு முழம் மல்லிகையோடு சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அத்தை கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கால் மணி நேரத்துக்கு முன் "வா, வா" என்றவர் இவர்தானா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வீடு மாறி வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அத்தையின் மருமகள் கவிதா வந்து, மைசூர்பாகையும் பூவையும் என் கையிலிருந்து சட்டென்று வாங்கிக்கொண்டு, என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"இன்னாக்கா, துக்கம் கேக்க வந்துட்டு ஸ்வீட்டு தூக்கிக்கினு வரீங்க? சாவுக்கு அப்புறம் மொத மொத வரவங்கள வான்னு சொல்ல மாட்டாங்க. நீங்கதான் போயி அவங்க கையப் புடிச்சி அழுவணும்."

"பதினோரு மாசம் ஆச்சே கவிதா? நாங்க தினமும் பேசிட்டுதானே இருக்கோம்?"

"அது போன்லக்கா. இந்த வூட்டுக்கு நீங்க இன்னிக்குத்தான வரீங்க?"

திரும்பிப் போய் அத்தையின் கையைப் பிடித்தேன். அழுகை வருமா என்று பயமாக இருந்தது. அத்தை என் தோளில் சாய்ந்ததும் வந்துவிட்டது.

"எப்பிடிம்மா போனாரு?"

"அப்பவே சொன்னேனே அத்தை..."

"அது போன்ல சொன்னது. இப்ப சொல்லு."

சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து சுடுகாடு வரை. எல்லாம் கேட்டுவிட்டு, "தல எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்றார்.

திகைத்துப்போனேன். ஐஸ் பெட்டிக்கு ப்ளக் இருந்த இடம் டிவி பக்கம். தலையும் அந்தப் பக்கம்தான். டிவி எந்தத் திசை? தெரியவில்லை. ஜன்னலில் காலை வெயில் வருமா என்று கேட்டார். பக்கத்து பிளாக் மறைத்துவிடும். கடைசியில் போன் மேப்பில் எங்கள் குடியிருப்பைப் பெரிதாக்கி, வாசல், ஹால், டிவி என்று விரலால் கணக்குப் போட்டேன். மேற்கு. தெற்கே வைக்க வேண்டிய தலையை மேற்கே வைத்திருக்கிறோம். அதையும் சொன்னேன்.

"மேக்காலயா?" அத்தை மேப்பை எட்டிப் பார்த்தார். "போவட்டும். அந்தப் போன்ல ஒரு தபா தல மேல கீது, ஒரு தபா கீழ கீது. எங்கண்ணன் எந்தப் பக்கமாப் படுத்துக்கினு போனாருன்னே இம்மா நாளா தெர்ல. எந்தப் பக்கம் பாத்து அழுவறது?"

பிறகு மேற்கே திரும்பி உட்கார்ந்து அழுதார். நானும் அந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

திதியைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பினேன். போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்று கவிதா முன்பே எச்சரித்திருந்தாள். பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. வந்த காரியம் முடிந்ததா, கெட்டதா?

கல்வெட்டுக் கோயில் பார்க்க உத்திரமேரூர் வருபவர்களுக்கு: காலையிலேயே வந்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வருபவர்களுக்கு: மாமாவின் பட்டப்பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு சாவு நடந்திருந்தால், போனில் எத்தனை பேசியிருந்தாலும் அது கணக்கில் இல்லை. வெறுங்கையோடு போங்கள்.

இதற்கான குறிப்புகளை அன்று திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பழைய குரல், கலகலவென்று.

"சீட்டு கெடச்சிச்சா கண்ணு? வூட்ல வெச்சி வரேன், வான்னு சொல்லக் கூடாது, அதான் போன்ல சொல்றேன். திதிக்கு நான் வரேன். நீ வந்து அழுவாம நான் எப்பிடி வரேங்கறது, அதான் பேச்ச மாத்திக்கினு இருந்தேன். அந்த டிவி இருக்குற எடத்துல கொஞ்ச நேரம் ஒக்காரணும். நீயும் மறுக்கா வா, இன்னா?"