மெஷின் நின்ற இடம்

மருதமுனையில் ஒரு கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். உள்ளே தையல் மெஷின் சடசடவென்று ஓடி, சட்டென்று நின்றது. இனி ஒரு குரல் வரும் என்று என்னை அறியாமல் காத்திருந்தேன். வரவில்லை. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிற்று. காது மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் எதிர்பார்த்த குரலுக்குரியவரை எங்கள் ஊரில் மெம்பர் ராத்தா என்போம். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா, நானா என்றால் அண்ணன். அபாயா தைத்துக்கொண்டிருந்தவர், பெண்களுக்கான ஒதுக்கீட்டில் எங்கள் சிறிய பிரதேச சபைக்கு உறுப்பினரானார். எனக்கு அப்போது தட்டச்சும் போட்டோக்கொப்பியுமாக ஒரு கடை. கவிதை எழுதுகிறவன் என்பதால் தன் பேஸ்புக் பக்கத்தை என்னிடம் தந்திருந்தார். தைத்தபடியே வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். நான் அதை எழுத்தாக்குவேன். பின்னால் மெஷின் ஓடும். அதை நிறுத்திவிட்டு எந்த வசனத்தைச் சொல்கிறாரோ, அதுதான் அன்றைய விசயம். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

சந்தையில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மாவடிப்பள்ளியிலிருந்து கீரை கொண்டுவரும் பெண்கள், வெயில் ஏறி வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பூட்டின் திறப்பு யாரிடம் என்று ராத்தா தன் பக்கத்தில் கேட்டார். மூத்த உறுப்பினர் ஒருவர் கீழே பதில் போட்டார்: "தங்கச்சி, கோபப்படாதீங்க. இதெல்லாம் நானாமார் பாத்துக்கொள்ளுவம். நீங்க அபாயாவத் தைங்க." கூடவே இரண்டு சிரிப்பு முகங்கள்.

அதற்குக் கீழே ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாசமாகச் சொன்னதில் என்ன பிழை என்றார்கள் பலர். அந்தப் பலரில் நானும் ஒருவன். ராத்தாவிடமே கேட்டேன்.

"வயசுக்கு மூத்தவர்தானே ராத்தா, தங்கச்சி எண்டா என்ன?"

"சபையில ஆம்புளையள் கதைக்கக்குள்ள, தம்பி போய்க் கடையப் பாருங்க எண்டு சொல்றாரா?"

பிறகு வட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "இத அப்படியே போடுங்க தம்பி. நானா, நான் சபைக்கு வந்தது கதைக்கத்தான்." மெஷின் நின்றது. "திறப்பு ஆர்ட்ட இரிக்கி? அதுக்குப் பதில் சொல்லுங்க."

நான் அப்படியே போடவில்லை. ஊர் அவரைக் கடித்துக் குதறிவிடுமே என்று பயந்தேன். அன்று அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன். 'மதிப்புக்குரிய நானா, தங்கையின் கோபத்துக்குள் இருக்கும் அன்பை நீங்கள் அறிவீர்கள்' என்று தொடங்கினேன். கடலும் நிலவும் வந்தன. ஓர் உம்மாவின் பிள்ளைகள்கூட வந்தார்கள். பின்னேரத்துக்குள் இதயங்கள் குவிந்தன. எவ்வளவு அடக்கமான பெண் என்றார்கள். மூத்தவரே வந்து, நல்லாயிருக்க வேண்டும் என்று துஆச் செய்தார். நான் எழுதியதில் திறப்பு இருக்கவில்லை. அதைக் கண்டது ராத்தா மட்டும்.

மறுநாள் கடைக்கு வந்தார். ஏசியிருந்தால் இத்தனை வருசம் இந்த மெஷின் சத்தம் என்னைத் துரத்தியிராது. என் கதிரையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, தன் கேள்வியைத் தானே போட்டார். பிறகு கடவுச்சொல்லை மாற்றினார்.

அந்தக் கேள்விக்கு இதயங்கள் விழவில்லை, ஏச்சுத்தான் விழுந்தது. தினமும் அதையே போட்டார். ஒன்பதாம் நாள் கழிப்பறைப் பூட்டுக் கழன்றது. சபைக்காலம் முடிந்ததும் பிள்ளைகளோடு அக்கரைப்பற்றுக்குக் குடிபோய்விட்டார். அதுவரை தெருவில் கண்டால் ஒரு ஸலாமோடு சரி.

இப்போதும் தேர்தல் காலத்தில் தங்கச்சிமாருக்கு நானாமார் புத்தி சொல்கிறார்கள், சிரிப்பு முகங்களோடு. பதில் எழுத விரல் துடிக்கும். எழுதாமல், ராத்தாவின் அந்தக் குரலைப் போட்டுக் கேட்பேன். மூன்று போன் மாறிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் அதைத்தான் மாற்றினேன். ஓடும் மெஷின், அது நிற்கும் இடம், அந்தக் கேள்வி. அவர் வந்து கேட்டால் எடுத்துக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

கடவுச்சொல்லை மாற்றிய அன்று கடைப்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "என்ட குரல அழிச்சிராதீங்க தம்பி. நான் என்ன சொன்ன எண்டு ஒருநாளைக்கு எனக்குக் கேக்கணும்."