அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்களா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் சோபாவில் கவிழ்ந்து கிடந்து, கைபேசியில் எதையோ வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். புதிதாக வந்த ஒரு பேய்ப்படமாம். காணாமல் போன சிலர் விட்டுச்சென்ற கமெராவை யாரோ கண்டெடுத்து, அதில் பதிவாகியிருந்ததை அப்படியே காட்டுவதுபோல் எடுத்த படம். பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயங்களை எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒருவருக்குத் தலை சுற்றியதாம். இன்னொருவர், கமெராவைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருந்தால் அவன் பிழைத்திருப்பானே என்று கோபப்பட்டிருந்தார். இதெல்லாம் உங்கள் காலத்தில் இருந்திருக்காது என்று மகள் சொன்னாள். ஆனால் மூக்கில் ஸ்பிரிட் மணம் வந்துவிட்டது.

ஸ்பிரிட் மணம் என்றால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. வீடியோ கசட்டில் பிடித்த பூஞ்சணத்தைத் துடைக்கிற வேலைதான் ஞாபகம் வரும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்று இப்பால், ஒரு பேக்கரிக்கும் மணிக்கூடு திருத்துகிற கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்ற வீடியோ கடையில் நான் வேலை பார்த்தேன். மகாவலியின் ஈரம் கடைக்குள்ளேயே குடியிருந்தது. ஒரு மழைக்காலம் போனால் போதும், கறுப்பு நாடாவில் வெள்ளைப் பூ பூத்துவிடும். கசட்டின் மூடியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க வேண்டும். எத்தனையோ கதாநாயகிகளின் முகத்தை நான்தான் கழுவிவிட்டேன் என்று அந்தக் காலத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என்னை, கடைக்காரர் பாரூக் நானாதான் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வாடிக்கையாளரில் பாதிப் பேர் தமிழர். தமிழில் அழகாக எழுதவும் பேசவும் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. கலஹாவிலிருந்து பேராதனை, பேராதனையிலிருந்து கண்டி, பிறகு கட்டுகஸ்தோட்டை என்று பஸ் மாறி மாறி வருவேன். வழியில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். என் பெயரை வாசித்துவிட்டு முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். வீடியோ கடையில் வேலை என்று நான் சொன்னால், எந்தப் படம் நல்லது என்று கேட்கிற சிப்பாய்களும் இருந்தார்கள்.

யுத்த காலம். இருட்டுகிற நேரத்துக்கு முன்னமே சனம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடும். நகரத்தில் ஏதாவது பதற்றம் என்றால் கடைத்தெருவே படபடவென்று இறங்கும் தகரக் கதவுகளின் சத்தமாகிவிடும். வீட்டுக்குள் அடைந்தவர்கள் என்னதான் செய்வார்கள்? வீடியோ டெக்கை ஓடவிட்டுப் படம் பார்த்தார்கள். சனத்தின் பயத்தில்தான் நம்முடைய கடை ஓடுகிறது என்று நானா அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

அந்தப் படம் வந்தது அப்படியொரு காலத்தில்தான். கொப்பியின் கொப்பி, அதற்கும் கொப்பி. அட்டைப்படம்கூட இல்லை. ஏதோ ஒரு குளிர்நாட்டில், கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றைப் படம்பிடிக்க இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் போகிறார்கள். உள்ளே வழி தவறுகிறது. இருட்டில் ஏதோ அவர்களைத் தொடர்கிறது. அது என்னவென்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். கமெரா கீழே விழுவதோடு படம் முடிகிறது. இந்த நாடா சுரங்க வாசலில் கிடைத்தது, இதில் இருப்பவர்கள் கிடைக்கவில்லை என்று தொடக்கத்தில் வெள்ளை எழுத்தில் வரும். இடையில் ஓரிடத்தில் அந்தப் பெண் கமெராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அம்மா, நான் சாப்பிட்டுவிட்டேன், கவலைப்படாதே என்று சொல்லுவாள். அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

நானா அதை முழுதாக நம்பினார். நானும் நம்பினேன். பட்டப்பகலில், கடை டீவியில், விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்து முடித்தேன். ‘உண்மைச் சம்பவம். இதய பலவீனம் உள்ளவர்கள் எடுக்க வேண்டாம்’ என்று அட்டையில் எழுதி வைக்கச் சொன்னார் நானா. எழுதி வைத்தேன். இதயம் பலமானவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் கட்டுகஸ்தோட்டையில் எவ்வளவு பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கசட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். கவுன்டரில் முழங்கையை ஊன்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பேக்கரி முதலாளி சிங்களவர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கிற தன் மச்சான் குடித்திருந்தாலும் கமெராவை இவ்வளவு ஆட்டுவதில்லை என்றார். நானாவின் மனைவியை நாங்கள் தாத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அப்படித்தான். நான் முதல்நாள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுக் கிழவர் யாரோ வரப்போகிறார் என்று எழுந்து நின்றவள். தாத்தாவுக்குப் பேயைப் பற்றிப் புகார் இல்லை. அவ்வளவு நேரம் சுரங்கத்துக்குள் கிடந்தவர்களில் ஒருவருக்காவது வயிறு இரைந்ததா என்று கேட்டார். பசியைக் காட்டாத படத்தை அவர் நம்பத் தயாராக இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால், ஒரு டெக்கை வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் போட்டோம். ஆங்கிலம் யாருக்கும் விளங்காது என்பதால் நான் முன்னால் நின்று கதை சொன்னேன். பாதி எனக்கும் விளங்காது, அது வேறு விஷயம். எல்லோரும் அலறினார்கள். என் பெரியப்பா மட்டும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அவரிடம் கேட்டேன்.

“ஒளிஞ்சிருக்கிறவங்க இப்படிப் பேசிக்கிட்டே இருக்க மாட்டாங்கம்மா” என்றார். “கலவரத்தப்ப தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். கைப்புள்ளகூட சத்தம் போடல.”

காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

இந்த அபிப்பிராயக்காரர்களுக்கு நடுவில்தான் புவனம் அன்ரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்து, ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். பாலத்துக்குப் போகிற வழியில் வாடகை வீடு. ஊருக்குத் திரும்பாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய மகன் ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போனவன், வரவில்லை. வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். முகாம், பொலிஸ், காரியாலயம் என்று இருவரும் அலையாத இடமில்லை. அவனுக்குத் தெரிந்த வீடு இதுதான் என்பதால் வீட்டை மாற்ற மாட்டோம் என்றிருந்தார்கள்.

அன்ரி வழக்கமாகப் பழைய பக்திப் படங்கள்தான் எடுப்பார். நான் எழுதிவைத்த அட்டையைப் பார்த்து இந்தப் படத்தைக் கேட்டபோது, இது உங்களுக்கு வேண்டாம் அன்ரி, இங்கிலீஷ் பேய்ப்படம் என்றேன். கேட்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்த அன்று கசட்டை என் கையில் தரவும் இல்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, உந்த நாடாவை ஆர் கண்டெடுத்தது?”

எனக்குத் தெரியாது என்றேன். பொலிஸிடம் கொடுத்தார்களா, தாய்மாரைக் கூப்பிட்டுக் காட்டினார்களா, பிறகு எத்தனை பேர் இறங்கித் தேடினார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அந்த நாட்டில் எப்படித் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் நல்லது என்றார். படத்தை எடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்கலாமா என்றும் கேட்டார். பயந்து அலறின அத்தனை பேரில், அந்த மூன்று பேரையும் தேடவேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். விசாரித்துச் சொல்கிறேன் என்று நானா சமாளித்து அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில், பேராதனையில் படிக்கிற பையன் ஒருவன் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையோடு வந்தான். அதில் அந்த மூன்று பேரும் ஓர் உணவுச்சாலையில் உட்கார்ந்து, தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடிகர்கள். சுரங்கமும் மரப்பலகையில் செய்ததாம். சங்கதி ஒரே நாளில் கடைத்தெரு முழுக்கப் பரவியது. ஏமாற்றிவிட்டீர்களே என்று வந்தவர்கள் எல்லாம் நானாவைப் பிடித்தார்கள். பொய்யென்று தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேனே என்று பேக்கரி முதலாளி உண்மையாகவே மனம் நொந்தார். அட்டையைக் கழற்றினோம்.

நானாவுக்குக் கவலையெல்லாம் அன்ரியைப் பற்றித்தான். தொலைந்த ஒன்றை யாரோ கண்டெடுத்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷியிடம் அதுவும் பொய் என்று எப்படிச் சொல்வது?

“நீங்க போய் அவங்களுக்கு செல்லுங்க மகள்” என்றார் கடைசியில். “எனக்கு அவங்கட மொகத்தப் பாக்க ஏலா.”

பின்னேரம் சஞ்சிகையை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிள் வெளியே போயிருந்தார். அன்ரி கதிரையைக் காட்டினார். நான் உட்காராமலே சொல்லிமுடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சஞ்சிகையிலிருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் அந்தப் பெண். பிறகு பையன்கள் இரண்டு பேரும்.

“அப்ப இவை மூண்டு பேரும் உயிரோட இருக்கினமோ?”

“ஆமா அன்ரி. நடிச்சவங்கதான்.”

“தாய்மாருக்குத் தெரியுமோ?”

“தெரிஞ்சிருக்கும் அன்ரி. சொல்லிட்டுத்தானே போயிருப்பாங்க.”

அவர் கதிரையில் சாய்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முகம் அப்படியே இளகிக்கொண்டு வந்தது.

“நல்ல காலம், பிள்ளை. பிள்ளையள் வீட்ட போயிட்டுதுகள்.”

எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். சீனி அள்ளிப் போட்டிருந்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்தபடியே, அந்தப் பெட்டை சரியான மெலிவு, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று சஞ்சிகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஏனென்று தெரியாமல், நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு யாரும் எடுக்காத அந்தக் கசட்டை அன்ரி மட்டும் வந்து எடுப்பார். இப்போது பயமில்லாமல் பார்க்கலாம் என்பார். கமெரா கீழே விழுகிற இடம் வந்ததும், சரி, இனி எழும்பிப் போங்கோ என்று டீவியைப் பார்த்துச் சொல்வாராம். அங்கிள் கடைக்கு வந்தபோது சொன்னார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

சில வருடங்களில் அங்கிள் காலமானார். கனடாவில் இருந்த மகள் வந்து அன்ரியைக் கூட்டிக்கொண்டு போக ஆயத்தமானாள். புறப்படும் முன்பு அன்ரி கடைக்கு வந்து கவுன்டரின் மறுபக்கத்தில் நின்று, வீட்டை விட்டுவிட்டேன், தம்பி வந்தால் முதலில் வீட்டுக்குப் போவான், அங்கே வேறு ஆட்கள் இருப்பார்கள், பிறகு இங்கேதான் வந்து கேட்பான் என்றார். மகனைத் தம்பி என்றுதான் அவர் சொல்வார். “நீங்கள் இருப்பியள்தானே” என்று என்னையும் நானாவையும் பார்த்தார். இருப்போம் என்று நானா சொன்னார். மகளின் தொலைபேசி இலக்கத்தைக் கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். குளிர்காலம் ஒன்றில் அன்ரி அங்கேயே காலமாகிவிட்டதாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

கசட் போய் சீடி வந்தது. சீடி போய் அதுவும் இல்லாமல் போனது. நான் கலியாணம் முடித்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். நானா கடையை மூடியபோது கசட்டுகளை எல்லாம் தெல்தெனியவில் இருக்கிற மச்சானுக்குக் கொடுத்தார். அவர் நாடாவை உருவி, கிளி வராமல் இருக்க போஞ்சிக்காய்த் தோட்டத்துக்கு மேலே கட்டினார். கடையைக் கைவிடுவதற்கு முன் நானா ஒரு காரியம் செய்தாராம். அந்த இடத்துக்கு அடுத்து வருகிற போன் கடைப் பையன், பேக்கரி முதலாளி, முச்சக்கரவண்டிக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய், புவனம் அம்மாவைத் தேடி யாராவது வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவைத்தாராம். பிறகு பேக்கரி முதலாளியும் இறந்துபோனார், நானாவும் போனார். வீதியை அகலமாக்கியபோது அந்தக் கடை வரிசையையே இடித்துவிட்டார்கள்.

போன வருடம் கண்டிக்குப் போனபோது அந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சற்று நின்றேன். இங்கே ஒரு வீடியோ கடை இருந்ததே என்று யாராவது வந்து கேட்டால், ஆமாம், இருந்தது, உட்காருங்கள் தம்பி என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.