மௌனத்துக்கு விழுந்த கைதட்டல்

ஒரு பெண்ணின் வாயை நான் அடைத்தேன். அதற்குக் கலை என்று பெயரும் வைத்தேன்.

நான் இயக்கிய அந்த நாடகத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். போடியில், ஏலக்காய் எஸ்டேட் முதலாளியின் மண்டபத்தில் போட்டோம். கடைசிக் காட்சியில் முத்துலட்சுமி வாய் திறந்தபடி, சத்தமே இல்லாமல் நிற்பாள். நீங்களும் எழுந்து நின்று கைதட்டியிருப்பீர்கள்...

அந்த மௌனம் என் கற்பனை அல்ல. என் பயம்!

முத்துலட்சுமி போடி பக்கத்துச் சிலமலைக்காரி. தினமும் ஜீப்பில் மலையேறி அதே எஸ்டேட்டில் காய் பறிக்கப் போகிறவள். போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்தபோது அவள் பிழைத்தாள், தங்கை செத்துப்போனாள். டிரைவரும் செத்துப்போனதால் ஊரே பழியை அவன்மேல் போட்டது. அந்த விபத்தை நாடகமாக்கி அவளையே நடிக்கவைத்தேன்; ஒத்திகையில்தான் அவள் நடந்ததைச் சொன்னாள்.

"லோடு தாங்காது, நாலு பேரு இறங்குங்கன்னு டிரைவர் அண்ணே சொன்னாரு. இறங்குறவளுக்கு நாளைக்குச் சோலி இல்லேன்னு கங்காணி சொன்னாரு."

நாடகமே அந்த இரண்டு வரிதான். எனக்குத் தெரியாதா?

மறுநாள், எஸ்டேட்டில் வேலையாட்களை மேய்க்கும் அந்தக் கங்காணி வந்தார். மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பேச்சு மட்டும் இல்லாவிட்டால் மண்டபம் உங்களுக்குத்தான் என்றார். ஒரு மேடைக்காக வருஷக்கணக்கில் நாயாய் அலைந்தவன் நான்... அன்று சாயங்காலமே முத்துலட்சுமிக்குப் பாடம் நடத்தினேன். நவீன நாடகம் எதையும் நேராகச் சொல்லாது, சொல்லாததுதான் ஆழமாக இறங்கும் என்றேன். எத்தனை புத்தகம் படித்தவன்! கோழைத்தனத்துக்கு ஒரு கோட்பாடா கிடைக்காது? நீங்க படிச்சவுக, சரியாத்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள்.

அரசியலை விலக்கி வடிவத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன். அந்த வடிவமே கங்காணிக்கு வேலை பார்த்தது.

நாடகம் முடிந்ததும் முன்வரிசையில் முதலில் கைதட்டியவர் அவர்தான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். டிரைவரின் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, புருஷன்மேல் விழுந்த பழியோடு வெளியே போனாள்.

முத்துலட்சுமி என்னிடம் வந்தாள். "அண்ணே, நல்லா நடிச்சேன்னு கங்காணி சொல்லிட்டுப் போறாரு. நாம சொன்னது அவருக்குப் புரியலையா, இல்ல நாம ஒண்ணுமே சொல்லலையா?"

போகப் போகப் புரியும் என்றேன். ச்சே... என்ன மனிதன் நான்!

இப்போது மதுரையில் நாடகத்தைப் போடக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கடைசி மௌனத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்றார்கள். அங்கே மண்டபம் முதலாளியுடையது அல்ல. கங்காணியும் வரப்போவதில்லை.

இருந்தும், சரி என்று சொல்லிவிட்டேன்.